சி.ஆர்.எம்.-இல் வெளியார் ஆட்-ஆன் சேர்க்குமுன்: ஒரு பீன்யா கணக்கு

ஸோஹோ, சேல்ஸ்ஃபோர்ஸ், ஹப்ஸ்பாட் என்று எந்த சி.ஆர்.எம்.-ஐ (வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனைப் பேச்சையும் வைத்திருக்கும் மென்பொருள்) எடுத்தாலும், வெளியார் செய்த துணை ஆப்களான ஆட்-ஆன்களை விற்கும் அதன் மார்க்கெட்பிளேஸில் ‘இன்ஸ்டால்’ பொத்தான் ஒரே அளவில்தான் இருக்கும். காலண்டரை இணைக்கும் சின்ன ஆப்புக்கும் அதே பொத்தான், மொத்த வாடிக்கையாளர் பட்டியலையும் வேறொருவர் சர்வருக்கு எடுத்துப்போகும் ஆப்புக்கும் அதே பொத்தான். அழுத்துவதற்கு முன்னால் எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கணக்குப் போட வசதியாக ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். பெங்களூரு பீன்யாவில் பேரிங், வால்வு, வி-பெல்ட் விற்கும் டீலர். விற்பனையில் 12 பேர், சி.ஆர்.எம்.-இல் 40,000 காண்டாக்ட். வாடிக்கையாளர்கள் பொம்மசந்திரா, ஜிகணி, ஓசூர், கோவை என்று பரவியிருக்கிறார்கள். பில் டேலியில், பேச்சு வாட்ஸ்அப்பில்.

முதலில், ஆட்-ஆன் வேண்டுமா

தேவையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘வாட்ஸ்அப் இன்டக்ரேஷன் வேண்டும்’ என்பது தேவை ஆகாது. ‘கொட்டேஷன் அனுப்பி மூன்று நாளில் பதில் வராத டீலுக்கு, அந்த விற்பனையாளர் பெயரில் தானாக ஒரு நினைவூட்டல் போக வேண்டும், பதில் அதே டீலின் கீழ் பதிவாக வேண்டும்’ என்பது தேவை. இப்படி எழுதினாலே பாதி ஆப்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

அடுத்து, அதே வேலை சி.ஆர்.எம்.-இன் சொந்த ஒர்க்ஃப்ளோவில் இருக்கிறதா, ஒரு படி மேலான எடிஷனில் வருகிறதா என்று பாருங்கள். எடிஷனை உயர்த்தும் செலவும் ஆட்-ஆன் செலவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், எடிஷனை உயர்த்துங்கள். டேட்டா ஒரே இடத்தில் நிற்கும், பழுது வந்தால் கேட்க ஒரே ஆள். ஆட்-ஆன்காரர் சி.ஆர்.எம்.-ஐக் கைகாட்டுவார், சி.ஆர்.எம்.காரர் ஆட்-ஆனைக் கைகாட்டுவார் என்கிற தொல்லை இல்லை.

மார்க்கெட்பிளேஸ் பக்கத்தில் எதைப் படிப்பது

ஐந்து நட்சத்திர விமர்சனங்களைத் தாண்டிப் போங்கள். ‘அருமையான சப்போர்ட்’ என்ற ஒருவரி விமர்சனத்தில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் எது எங்கே உடைந்தது என்று எழுதியிருப்பார்கள். அவற்றில் புதியதை முதலில் படியுங்கள். ஒரே குறையை மூன்று பேர், ஆறு ஆறு மாத இடைவெளியில் சொல்லியிருந்தால் அது சரிசெய்யப்படவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக அப்டேட் ஆன தேதியைப் பாருங்கள். சி.ஆர்.எம். நிறுவனங்கள் பழைய ஏ.பி.ஐ. (ஆப்கள் சி.ஆர்.எம்.-உடன் பேசும் வழி) பதிப்புகளை அவ்வப்போது ஓய்வுகொடுத்து அனுப்பும். இரண்டு வருடமாகத் தொடப்படாத ஆப் ஒருநாள் காலையில் சொல்லாமல் நின்றுபோக அது போதும். யார் செய்த ஆப் என்பதையும் கவனியுங்கள். சி.ஆர்.எம். நிறுவனமே செய்தது, இன்னொரு பெரிய நிறுவனம் செய்தது, இரண்டு பேர் ஓட்டும் சிறு கம்பெனி செய்தது ஆகிய மூன்றும் ஒரே மாதிரி அட்டையில்தான் காட்சி தரும். சிறு கம்பெனி என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. பல நேரம் நன்றாகப் பதில் சொல்பவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்கள் கடையை மூடினால் உங்கள் டேட்டா எங்கே போகும் என்ற கேள்வி அங்கே கூடுதல் கனமானது.

சேல்ஸ்ஃபோர்ஸின் ஆப்எக்ஸ்சேஞ்சில் இடம்பெற பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட வேண்டும். நல்லதுதான். ஆனால் அந்தச் சோதனை ஆப்பின் கட்டமைப்பைப் பார்க்கிறது. அதைச் செய்த நிறுவனத்தின் அலுவலகத்தில் நாளை யார் எதைக் கோட்டைவிடுவார்கள் என்பது அதில் தெரியாது.

சப்போர்ட் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் காலை 9 முதல் மாலை 5 வரை என்றால், கோடைக்காலத்தில் நமக்கு இரவு 9.30 முதல் விடிகாலை 5.30 வரை. வாங்குவதற்கு முன்பே, ஒரு வேலைநாள் காலை 11 மணிக்கு ஒரு தொழில்நுட்பக் கேள்வியை அனுப்புங்கள். விலையைப் பற்றிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும், அதை வைத்து எதையும் அளக்க முடியாது. ‘ஏ.பி.ஐ. லிமிட் தீர்ந்தால் உங்கள் ஆப் என்ன செய்யும், விட்டுப்போன ரெக்கார்டுகளைத் திரும்ப முயற்சிக்குமா?’ என்று கேளுங்கள். வரும் பதிலின் தரத்தில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பர்மிஷன் திரை

இன்ஸ்டால் செய்யும்போது வரும் ‘இந்த ஆப் கீழ்க்கண்டவற்றை அணுக அனுமதி கேட்கிறது’ என்ற திரையைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. படிக்க வேண்டிய முதல் இடமே அதுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் பேசும்போது உதவும்.

ஒவ்வொரு ஸ்கோப்புக்கும், அதாவது அந்தத் திரையில் கேட்கும் ஒவ்வொரு அனுமதிக்கும், ஒரே கேள்வி: நாம் எழுதிய அந்த ஒற்றை வாக்கியத் தேவைக்கு இது எதற்கு? விசிட்டிங் கார்டை ஸ்கேன் செய்து லீட் (வாங்கக்கூடியவரைப் பற்றிய புதுப் பதிவு) உருவாக்கும் ஆப்புக்கு, சி.ஆர்.எம்.-இன் லீட் மாட்யூலில், அதாவது அந்தப் பகுதியில், எழுதும் அனுமதி போதும். அது எல்லா மாட்யூலையும் படிக்க, திருத்த, அழிக்க அனுமதி கேட்டால், செய்தவர்கள் சோம்பலில் ‘ஆல்’ என்று போட்டுவிட்டார்கள் என்றுதான் பெரும்பாலும் பொருள். கெட்ட நோக்கம் இருக்க வேண்டியதில்லை, விளைவு ஒன்றுதான். சுருக்கித் தர முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். ஏன் தேவை என்று விளக்கக்கூட முடியாதவர்களை அங்கேயே விட்டுவிடலாம்.

‘எந்நேரமும் அணுகல்’, ‘ஆஃப்லைன் அணுகல்’, ‘ரெஃப்ரெஷ் டோக்கன்’ என்று வரும் வரியில் நிறுத்திப் படியுங்கள். நீங்கள் லாக்-இன் செய்யாத நேரத்திலும் ஆப் உள்ளே வரலாம் என்பதே அதன் பொருள். சிங்க் செய்யும் (இரண்டு இடத்து டேட்டாவையும் ஒன்றுபோல வைத்திருக்கும்) ஆப்புக்கு இது அவசியம். ஆனால் அந்த டோக்கன் என்ற சாவி இருப்பது வெண்டரின், அதாவது ஆப்பை விற்பவரின், சர்வரில். நீங்கள் பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக வைத்தாலும், ஓ.டி.பி. போட்டாலும், அந்தச் சாவி வைத்திருப்பவரிடம் அவை கேட்கப்படுவதில்லை.

2025 ஆகஸ்டில் நடந்தது இதுதான். சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் ட்ரிஃப்ட் என்ற சாட் ஆப்பின் டோக்கன்கள் திருடுபோயின. ஆகஸ்ட் 8 முதல் 18 வரை அவற்றைக் கொண்டு நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்குகளிலிருந்து டேட்டா எடுக்கப்பட்டது. கிளவுட்ஃப்ளேர், ஸீஸ்கேலர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்று பாதுகாப்பையே தொழிலாக வைத்திருப்பவர்களும் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் ஓட்டை ஏதும் இல்லை. எடுத்தவர்கள் குறிப்பாகத் தேடியது, சப்போர்ட் கேஸ்களில் வாடிக்கையாளர்கள் டைப் செய்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளையும் கிளவுட் சாவிகளையும். ஆகவே ஆட்-ஆன் சேர்க்குமுன் உங்கள் நோட்ஸ், கமென்ட் பகுதிகளில் ‘பாஸ்வேர்டு’, ‘பின்’, ‘அக்கவுன்ட் நம்பர்’ என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். விற்பனையாளர்கள் அங்கே என்னென்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரியவரும்.

இணைக்கும்போது முதலாளியின் லாக்-இன்னையோ அட்மின் லாக்-இன்னையோ பயன்படுத்தாதீர்கள். ஆப்புக்கென்று ஒரு தனி யூசர், அதற்குத் தேவையான மாட்யூல் மட்டும். இதில் இரண்டு லாபம். ஆப் ‘ஆல்’ கேட்டாலும் அந்த யூசருக்கு இல்லாததை அதனால் தொட முடியாது. அத்துடன், இணைத்த ஊழியர் வேலையை விட்டுப் போய் அவர் கணக்கை மூடிய அன்று சிங்க் நிற்காது. கூடுதல் லைசென்ஸ் செலவு என்று தயங்குவார்கள். சேல்ஸ்ஃபோர்ஸின் என்டர்பிரைஸ் எடிஷனில் ஐந்து இன்டக்ரேஷன் யூசர் லைசென்ஸ் இலவசமாகவே வருகிறது, பலருக்கு அது தெரியாது.

சேல்ஸ்ஃபோர்ஸில் பேக்கேஜ் (ஆப்பை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) போடும்போது ‘அட்மின் மட்டும்’, ‘எல்லா யூசருக்கும்’, ‘குறிப்பிட்ட புரொஃபைல்’ என்று மூன்று வழி கேட்கும். சோதனைக் காலத்தில் முதலாவதைத் தாண்ட வேண்டாம். அதோடு, ஃபோனில் யாராவது ‘ஐ.டி. டீமிலிருந்து பேசுகிறோம், இந்தக் கோடை டைப் பண்ணுங்க’ என்றால் ஊழியர்கள் செய்யக்கூடாது என்று சொல்லிவையுங்கள். அதே 2025-இல், டேட்டா லோடர் என்ற சேல்ஸ்ஃபோர்ஸ் கருவியின் போலியை ஃபோனில் பேசியே ஊழியர்கள் கையால் இணைக்கவைத்து டேட்டாவை அள்ளிய கும்பலும் உண்டு.

அழுக்கு டேட்டாவில் சோதனை

வெண்டரின் டெமோவில் எல்லாருக்கும் முதல் பெயர், கடைசிப் பெயர், சரியான நாட்டுக் கோடுடன் ஃபோன் நம்பர் இருக்கும். அதில் எந்த ஆப்பும் ஓடும். உங்கள் டேட்டாவில் ஓடுகிறதா என்பதுதான் விஷயம்.

சோதனையை நிஜக் கணக்கில் செய்யாதீர்கள். சாண்ட்பாக்ஸ் (சோதனைக்கென்று தரப்படும் தனி நகல் கணக்கு) இருந்தால் அது. சேல்ஸ்ஃபோர்ஸின் டெவலப்பர் சாண்ட்பாக்ஸில் செட்டிங் மட்டும்தான் நகலாகும், டேட்டா வராது. 200 எம்.பி. இடம் உண்டு, நமக்கு அது தாராளம். உங்கள் திட்டத்தில் சாண்ட்பாக்ஸ் இல்லையென்றால் வேறொரு மின்னஞ்சலில் ட்ரயல் கணக்கு திறந்து, முக்கியமான ஃபீல்டுகளை அங்கே அதே பெயரில் உருவாக்கிக்கொள்ளுங்கள். ஆப்பின் ட்ரயல் பெரும்பாலும் 14 நாள்தான், இன்ஸ்டால் செய்த நிமிடத்திலிருந்து எண்ணிக்கை ஓடும். ஆகையால் கீழே சொல்லும் ரெக்கார்டுகளைத் தயார் செய்துவிட்டு அப்புறம் இன்ஸ்டால் செய்யுங்கள்.

முப்பது, நாற்பது ரெக்கார்டு போதும். நிஜமானவர்களின் நம்பர் வேண்டாம், உங்கள் ஊழியர்களின் நம்பர்களையும் அலுவலக லேண்ட்லைனையும் போடுங்கள்.

ஃபோன் நம்பரில் தொடங்குவோம். ஒரே மொபைல் நம்பரை நான்கு விதமாக நான்கு ரெக்கார்டில் எழுதுங்கள்: வெறும் பத்து இலக்கம், முன்னால் 0, முன்னால் +91, நடுவில் இடைவெளி. நான்கும் ஒரே ஆள் என்று ஆப்புக்குத் தெரிகிறதா பாருங்கள். அடுத்தது பெங்களூருக்கே உரிய கோளாறு. இங்கே லேண்ட்லைன் என்றால் 080, பிறகு எட்டு இலக்கம், மொத்தம் பதினொன்று. பல ஆப்கள் ‘கடைசிப் பத்து இலக்கம்தான் மொபைல்’ என்று வெட்டிக்கொள்கின்றன. முதல் பூஜ்யம் போனால் மிச்சம் 80-இல் தொடங்கும் பத்து இலக்கம். இந்திய மொபைல் நம்பர்கள் 6 முதல் 9 வரையிலான எண்ணில் தொடங்குவதால் அது அசல் மொபைல் நம்பர் போலவே இருக்கும். கம்பெனி லேண்ட்லைனுக்குப் போக வேண்டிய கொட்டேஷன் யாரோ முகம் தெரியாதவருடைய வாட்ஸ்அப்புக்குப் போய்ச்சேரும். சென்னையின் 044, மும்பையின் 022 இப்படி வெட்டினால் 4-இலும் 2-இலும் தொடங்கும், ஆப்பே தள்ளிவிடும். அங்கே வெற்றிகரமாக ஓடிய ஆப் இங்கே சொதப்புவதற்கு இது ஒன்று போதும்.

பெயர். சேல்ஸ்ஃபோர்ஸிலும் ஸோஹோவிலும் கடைசிப் பெயர் கட்டாய ஃபீல்டு. நம்மவர்களுக்கு அது இல்லாததால் ‘எஸ். முருகேசன்’ என்பதை எஸ் முதல் பெயர், முருகேசன் கடைசிப் பெயர் என்று யாரோ ஏற்றியிருப்பார்கள். ஆப்பின் டெம்ப்ளேட் முதல் பெயரைப் போட்டு ‘டியர் எஸ்’ என்று அனுப்பும். ‘முருகேசன் எஸ்’ என்று எழுதியவருக்குச் சரியாகப் போகும். இரண்டு வகையும் சோதனையில் இருக்கட்டும். ஒரே பெயர் மட்டும் உள்ளவர், பெயருக்கு முன் ‘திரு’ உள்ளவர், தமிழிலோ கன்னடத்திலோ எழுதிய பெயர் என்று இன்னும் மூன்று. பிறகு ஆப்பிலிருந்து சி.எஸ்.வி.-யாக எடுத்து எக்செலில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகவோ கோணல் குறிகளாகவோ வந்தால் யு.டி.எஃப்-8 குறியீட்டை எக்செலுக்குப் புரியும்படி எழுதத் தெரியாத ஆப் அது.

ஜி.எஸ்.டி. நம்பர். டூப்ளிகேட் நீக்கும் ஆப் வாங்குவதாக இருந்தால் இந்தச் சோதனையை விடவே விடாதீர்கள். ஒரே கம்பெனிக்குப் பொம்மசந்திராவில் ஒரு யூனிட், இருபது நிமிடத் தூரத்தில் அத்திப்பள்ளி தாண்டி ஓசூரில் இன்னொரு யூனிட். பெயர் ஒன்று, பான் ஒன்று, பர்ச்சேஸ் மேனேஜர்கூட ஒருவரே. ஆனால் ஜி.எஸ்.டி. நம்பர் ஒன்று 29-இல் தொடங்கும், மற்றது 33-இல். ஆப் இரண்டையும் ‘டூப்ளிகேட்’ என்று ஒன்றாக்கினால், ஓசூருக்கு ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டிய பில்லில் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் விழும். மெர்ஜை அன்-டூ செய்ய முடியுமா என்றும் சோதித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் முடியாது.

தொகை, தேதி. 12,50,000 என்று நம் முறையில் கமா போட்ட தொகை உள்ள கோப்பை இம்போர்ட் செய்து பாருங்கள். சில ஆப் அதை 12 என்று எடுத்துக்கொள்ளும். 03/04 என்ற தேதி ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? ஃபாலோ-அப் தேதியாக 15-ஐப் போட்டுச் சேமியுங்கள், ஆப்பின் திரையில் 14 என்று தெரிந்தால் காரணம் இதுதான்: நம் நள்ளிரவு என்பது உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் மாலை 6.30. தேதியை நேரத்தோடு சேர்த்துச் சேமிக்கும் ஆப்கள் எல்லாவற்றையும் ஒருநாள் முன்னால் தள்ளிவிடும்.

எஸ்.எம்.எஸ். ஆப் என்றால் தமிழில் அனுப்பிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ். 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் எண்ணும் முறை வேறு. ‘உங்கள் ஆர்டர் இன்று அனுப்பப்பட்டது. நன்றி.’ என்பதில் நாம் எண்ணினால் 23 எழுத்து. எஸ்.எம்.எஸ். கணக்கில் மெய்ப்புள்ளி, உயிர்மெய்க் குறி, இடைவெளி எல்லாம் தனித்தனி என்பதால் 42. வாடிக்கையாளர் பெயரும் ஆர்டர் நம்பரும் சேர்ந்தால் 70-ஐத் தொட்டுவிடும். தாண்டினால் 67, 67-ஆக உடைந்து இரண்டு எஸ்.எம்.எஸ். காசு. ஆப் இந்த எண்ணிக்கையை முன்கூட்டியே காட்டுகிறதா? உங்கள் டி.எல்.டி. பதிவில் (நிறுவனங்கள் எஸ்.எம்.எஸ். அனுப்ப இந்தியாவில் செய்ய வேண்டிய பதிவு) உள்ள ஹெடர், டெம்ப்ளேட் ஐ.டி. ஆகியவற்றைப் போட இடம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்தியாவில் மெசேஜ் போகவே போகாது. வெளிநாட்டு ஆப் பலவற்றில் அந்த இடமே இருக்காது.

எல்லாவற்றையும் மொபைலிலும் ஒருமுறை திறந்து பாருங்கள். சி.ஆர்.எம்.-இன் வெப் திரையில் அழகாகத் தெரியும் ஆட்-ஆன் பொத்தான் மொபைல் ஆப்பில் பல நேரம் இருக்கவே இருக்காது. ஜிகணி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் விற்பனையாளருக்கு வெப் திரையால் என்ன பயன்?

சிங்க் எப்படி நடக்கிறது

இருவழி சிங்க் செய்யும் ஆப்பில் பெரிய கோளாறு எதிரொலி. சி.ஆர்.எம்.-இல் ஒரு மாற்றம், ஆப் அதை எடுத்துக்கொள்கிறது, அது தன் பக்கம் சேமித்ததையே புதிய மாற்றம் என்று சி.ஆர்.எம்.-க்குத் திருப்பி அனுப்புகிறது, மறுபடியும் தொடங்குகிறது. சோதிக்க எளிது. ஒரு ரெக்கார்டில் ஒரே ஒரு ஃபீல்டை மாற்றிவிட்டு, அதன் டைம்லைனைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஒரு பதிவு, மிஞ்சினால் இரண்டு வரலாம். நிமிடத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தால் எதிரொலி. அப்புறம் ஒரே ரெக்கார்டை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேறு வேறாக மாற்றுங்கள். யார் சொல் நிற்கிறது? ‘கடைசியாக எழுதியவர்’ என்பது பல ஆப்களின் விதி. அது உங்களுக்கு ஒத்துவருமா என்று முடிவெடுங்கள். கிரெடிட் லிமிட் போன்ற ஃபீல்டை ஒருவழியாக மட்டும் வைக்க முடிய வேண்டும்.

ஏ.பி.ஐ. லிமிட் கணக்கையும் போட்டுவிடுங்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் என்டர்பிரைஸில் 24 மணி நேரத்துக்கு 1,00,000 அழைப்பு, ஒவ்வொரு லைசென்ஸுக்கும் மேலும் 1,000. 12 பேருக்கு 1,12,000. ஐந்து மாட்யூலை நிமிடத்துக்கு ஒருமுறை ‘புதிதாக ஏதாவது உண்டா’ என்று கேட்கும் ஆப், எதுவும் மாறாத ஞாயிற்றுக்கிழமையிலும் 7,200 அழைப்பைத் தின்னும். முதல் நாள் சிங்கில் 40,000 காண்டாக்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டால் 40,000 அழைப்பு. இருநூறு இருநூறாகக் கட்டி எடுத்தால் வெறும் 200. இரண்டு ஆப்புக்கும் விலைப்பட்டியல் ஒன்றுபோலவே இருக்கும். லிமிட் தீர்ந்தால் இந்த ஆப் மட்டும் நிற்காது, அதே கணக்கில் இருக்கும் மற்ற எல்லா இணைப்பும் சேர்ந்து நிற்கும். வெப்ஹூக்கா (மாற்றம் நடந்ததும் சி.ஆர்.எம். தானே ஆப்புக்குச் சொல்வது), நிமிடத்துக்கு நிமிடம் கேட்பதா, கட்டாக எடுக்கிறதா என்று வெண்டரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

டேலியும் வாட்ஸ்அப்பும்

டேலி இணைப்பு விற்பவர்கள் ‘ரியல்-டைம்’ என்பார்கள். டேலி பெரும்பாலும் அக்கவுன்டன்ட் மேசையில் உள்ள கம்ப்யூட்டரில் ஓடுகிறது. ஆப் பொதுவாக அதன் 9000-ஆம் போர்ட் வழியாகப் பேசும். டேலி திறந்திருக்க வேண்டும், சரியான கம்பெனி லோடு ஆகியிருக்க வேண்டும். அக்கவுன்டன்ட் மாலை 6.30-க்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனால் அதோடு சிங்க் முடிந்தது. அன்று இரவு கொடுத்த ஆர்டர் மறுநாள் காலையில் தானாக ஏறுகிறதா, காணாமல் போகிறதா? கம்ப்யூட்டரை அணைத்துவைத்து ஐந்து ஆர்டர் உருவாக்கி, காலையில் எண்ணிப் பாருங்கள். ஐந்தும் வர வேண்டும், ஆறாகவும் ஆகக்கூடாது. நிதியாண்டு மாறும்போது கம்பெனியைப் பிரிக்கும் பழக்கம் உங்கள் அக்கவுன்டன்டுக்கு இருந்தால் ஏப்ரலில் இணைப்பை மறுபடி அமைக்க வேண்டியிருக்கும், அதையும் கேட்டுவையுங்கள்.

வாட்ஸ்அப் ஆப்பில் முதல் கேள்வி, இது மெட்டாவின் அதிகாரப்பூர்வ ஏ.பி.ஐ. வழியா, கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து வெப் வாட்ஸ்அப்பை ஓட்டும் வேலையா? இரண்டாவது மலிவு. ஆனால் விதிமீறல், நம்பரே முடக்கப்படலாம். பத்து வருடமாக வாடிக்கையாளர்கள் சேமித்து வைத்திருக்கும் நம்பரை அதில் வைக்காதீர்கள். அதிகாரப்பூர்வ வழியாக இருந்தாலும், வாட்ஸ்அப் கணக்கு உங்கள் மெட்டா பிசினஸ் கணக்கின் கீழ் இருக்கிறதா, வெண்டருடையதன் கீழா என்று பாருங்கள். வெண்டருடையதாக இருந்தால் பிரியும்போது நம்பருக்காக அலைய வேண்டும். 2025 ஜூலை முதல் மெட்டா டெம்ப்ளேட் மெசேஜ் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. மார்க்கெட்டிங்குக்கு ஒரு விலை, யுட்டிலிட்டிக்கு (ஆர்டர், பில் போன்ற தகவலுக்கு) வேறு. வெண்டர் அதன்மேல் எவ்வளவு வைக்கிறார் என்பது விலைப் பக்கத்தில் இருக்காது, கேட்டால்தான் வரும்.

விலை

மாதம் ஒரு யூசருக்கு 12 டாலர் என்று ஒரு ஆப். 12 பேருக்கு 144 டாலர். கணக்குக்கு டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 12,960. வெளிநாட்டு நிறுவனம் பில்லில் ஜி.எஸ்.டி. போடாது. ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீதம், அதாவது 2,332 ரூபாய் 80 காசு, நீங்கள் ரொக்கமாகக் கட்டி, தகுதி இருந்தால் பிறகு கிரெடிட் எடுக்க வேண்டும். பேங்க் கார்டுக்குப் போடும் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி.

இப்போது இன்னும் மூன்று பேரை வேலைக்கு எடுக்கிறீர்கள். 15 பேர், 180 டாலர், 16,200 ரூபாய். ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதிப்படி கார்டிலிருந்து தானாகப் பிடிப்பது 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கும். பல வெளிநாட்டு ஆப்களின் பில்லிங்கில் அதற்கு வழியில்லை, பேமென்ட் ஃபெயில் ஆகும். நினைவூட்டல் மெயில், கார்டு கொடுத்தவரின் இன்பாக்ஸில் ஸ்பாமில் கிடக்கும். ஆப் நின்றது விற்பனைக் குழுவுக்குத்தான் முதலில் தெரியும். ரூபாய் பில்லும் பேங்க் டிரான்ஸ்ஃபரும் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். பணம் கட்டத் தவறினால் எத்தனை நாள் கழித்து டேட்டாவை அழிப்பார்கள் என்பதையும் அதே மெயிலில் கேளுங்கள்.

ஆப்பைப் பயன்படுத்துவது நான்கே பேர் என்றாலும் சி.ஆர்.எம்.-இல் உள்ள எல்லா யூசருக்கும் சேர்த்துப் பணம் கேட்கும் ஆப்கள் உண்டு. அது விலைப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

காகிதம்

ஐ.எஸ்.ஓ. 27001, எஸ்.ஓ.சி. 2 என்று தகவல் பாதுகாப்பு முத்திரை காட்டினால் சான்றிதழையே கேளுங்கள். தேதியையும், எந்தப் பொருளுக்கு, எந்த அலுவலகத்துக்கு என்பதையும் பாருங்கள். எஸ்.ஓ.சி. 2-இல் முதல் வகை ஒருநாளின் நிலையைச் சொல்கிறது, இரண்டாம் வகை சில மாதங்கள் கவனித்துச் சொல்கிறது. இரண்டாவதுதான் வேண்டும். ‘எங்கள் சர்வர் அமேசானில் இருக்கிறது, அமேசானுக்குச் சான்றிதழ் உண்டு’ என்பது பதிலே இல்லை.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், வெளியாரிடம் வேலையைக் கொடுத்தாலும் வாடிக்கையாளர் டேட்டாவுக்குப் பொறுப்பு உங்களுடையதுதான், வெண்டருடன் முறையான ஒப்பந்தமும் இருக்க வேண்டும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. அதன்படி டேட்டா கசிந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்தில் விவரம் தர வேண்டும். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கு ஏற்கனவே, தெரியவந்ததிலிருந்து 6 மணி நேரம்தான். வெண்டர் தன் ஒப்பந்தத்தில் ‘72 மணி நேரத்தில் உங்களுக்குத் தெரிவிப்போம்’ என்று போட்டிருந்தால் மூன்று நாள்வரை உங்களுக்கு எதுவும் தெரியாமலே போகலாம், அதை 24-க்குக் குறைக்கச் சொல்லுங்கள். ஏ.ஐ. வசதி உள்ள ஆப்பாக இருந்தால் உங்கள் டேட்டா மாடல் பயிற்சிக்குப் போகாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், வெப்சைட்டில் இருந்தால் போதாது.

கழற்றிப் பார்ப்பது

ட்ரயல் முடிய மூன்று நாள் இருக்கும்போது சாண்ட்பாக்ஸில் அன்-இன்ஸ்டால் செய்யுங்கள். பிடித்துப்போன ஆப்பாக இருந்தாலும் செய்யுங்கள். ஆப் உருவாக்கிய ஃபீல்டுகள் நிற்கின்றனவா, மறைகின்றனவா? அதன் வழியாக அனுப்பிய மெசேஜ்கள் சி.ஆர்.எம்.-இன் டைம்லைனில் இருக்கின்றனவா, அல்லது அங்கே இருந்தது வெறும் லிங்க்தானா?

சேல்ஸ்ஃபோர்ஸில், ஆப்பின் ஃபீல்டை உங்கள் ஃப்ளோ போன்ற இடங்களில் பயன்படுத்தியிருந்தால், அதையெல்லாம் எடுக்கும்வரை பேக்கேஜ் கழலாது. கழன்றால் அதன் ஆப்ஜெக்டுகளில் உள்ள டேட்டாவும் போகும். நகல் வேண்டும் என்று டிக் செய்திருந்தால் 48 மணி நேரம் டவுன்லோடு செய்ய வைத்திருக்கும். வெள்ளிக்கிழமை மாலை கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனால் திங்கள் காலையில் அது இருக்காது.

அன்-இன்ஸ்டால் செய்தால் டோக்கனும் செத்துவிடும் என்று நம்பாதீர்கள், இரண்டும் வேறு வேறு. சேல்ஸ்ஃபோர்ஸில் ‘கனெக்டட் ஆப்ஸ் ஓ-ஆத் யூசேஜ்’ பக்கத்திலும், ஹப்ஸ்பாட்டில் செட்டிங்ஸின் ‘கனெக்டட் ஆப்ஸ்’ பக்கத்திலும் அது இன்னும் இருக்கிறதா பார்த்து, இருந்தால் ரிவோக் செய்யுங்கள், அதாவது அனுமதியை ரத்து செய்யுங்கள். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது, எப்போதோ யாரோ இணைத்து மறந்துபோன மூன்று நான்கு ஆப் அங்கே கட்டாயம் கண்ணில் படும். அவற்றையும் அதே கையோடு நீக்கிவிட்டு, ஆப்புக்கென்று உருவாக்கிய யூசரை முடக்குங்கள். டேட்டாவை அழித்ததற்கு வெண்டரிடம் எழுத்தில் உறுதி கேளுங்கள். மறுநாள் ஏ.பி.ஐ. பயன்பாட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். குறையவில்லை என்றால் ஏதோ ஒரு சாவி இன்னும் வெளியே இருக்கிறது. லாக்-இன் ஹிஸ்டரியில் எந்த யூசர் பெயரில் அழைப்பு வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும், முதல் நாள் அவசரத்தில் முதலாளியின் லாக்-இன்னில் இணைத்துப் பார்த்தது அப்படியே கிடக்கும்.